கணினி பழையதென்றால் பெட்டியோடு குப்பையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு நாகலூரில் எனக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறித்த கூலி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகின் எடை, காப்பியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்த தேதி என்று தோட்டத்துக் கணக்கு முழுவதும் 2014இல் வாங்கிய வீட்டுக் கணினியில்தான் இருக்கிறது. காலமான என் கணவரின் புகைப்படங்களும் அதில்தான். கணினியின் மூளையான பிராசசர் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, அது உட்காரும் மதர்போர்டு எச்81, தற்காலிக நினைவகமான ராம் 4 ஜிபி டிடிஆர்3. 2019இல் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று போட்டதோடு சரி.

அதில் ஓடிய விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் நான்காம் தலைமுறைப் பெட்டிக்கு அது எட்டாது. டிசம்பரில் பறிப்பு நாள் ஒன்றை விட்டுவிட்டு, பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கிச் சேலம் வந்தேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "இது குப்பை அம்மா, புதிதாகவே வாங்கிவிடுங்கள்" என்றார். விலை 46 ஆயிரம் ரூபாய். பெட்டி நன்றாக இருக்கிறது, மானிட்டரும் எஸ்எஸ்டியும் வேலை செய்கின்றன, எதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் போர்டு, பிராசசர், ராம் மூன்றை மட்டும் மாற்ற ஒப்புக்கொண்டார். பழைய ராம் புதிய போர்டில் நுழையாது; டிடிஆர்3க்கும் டிடிஆர்4க்கும் வெட்டு இருக்கும் இடமே வேறு. என் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உண்டு என்பதால் அது உள்ள ஏ520 வகைப் போர்டாகப் பார்த்து வாங்கினேன். படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்த ரைசன் பிராசசர். எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய்.

வேலை செய்த பையனின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிராசசரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றி, அடியில் வெற்றிலைச் சுண்ணாம்புபோல் காய்ந்துகிடந்த பழைய பசையைத் துடைத்து வைத்தான். புதிய பிராசசரின் ஒரு மூலையில் நெல்மணி அளவுக்குத் தங்க நிற முக்கோணம் இருந்தது. போர்டில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து வைத்ததும், விரலால் அழுத்தாமலேயே ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளும் தாமாகக் குழிக்குள் இறங்கின. அதன் பிறகுதான் நெம்புகோலை மடக்கினான். பொறுமையான கை.

ஆனால் சுவிட்சைப் போட்டதும் திரையில் டிஸ்க் இல்லை என்று வந்தது. "டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்துவிடலாம்" என்று சொல்லி, கடைக்காரர் பென் டிரைவைச் செருகப் போனார். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். நான் குறுக்கே கையை வைத்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு மாடியில் இருந்த சிறு கடைக்குப் போனேன்.

அங்கே இருந்த தம்பி டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டிக் காட்டினார். பதினோரு வருடக் கணக்கும் அப்படியே இருந்தது. பழைய போர்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் முறையில் ஓடியது. டிஸ்க்கும் அதற்கேற்ற எம்பிஆர் என்ற பிரிப்பு முறையில் இருந்தது. புதிய போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில், ஜிபிடி என்ற புதிய பிரிப்பைத்தான் தேடும். டிஸ்க் கெடவில்லை, போர்டுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தார். பிறகு விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் பிரிப்பு முறையை மாற்றினார். ஒரு படம்கூட அழியவில்லை. பழைய போர்டோடு வந்த விண்டோஸ் உரிமம் புதிய போர்டுக்குச் செல்லாது என்பதையும் அவர்தான் சொன்னார். மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்கே பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், இவ்வளவு அவசரம் தேவையில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் கடையில் இதில் ஒரு வார்த்தை வரவில்லை.

தெரியாமல் ஃபார்மட் செய்து, படமும் பாடமும் கணக்கும் இழந்த வீடுகள் எத்தனையோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எந்தப் பாகம் பழுது, எது இன்னும் உழைக்கும் என்று கடைக்காரர்கள் சீட்டில் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் எந்த டிஸ்க்கையும் அழிக்கக் கூடாது. கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேலம் கணினி வியாபாரிகள் தாங்களாகவே கூடி இதை முடிவு செய்யலாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வந்து எங்கள் கணினிகளைப் பார்த்துச் சொன்னால், மலையில் உள்ளவர்கள் பெட்டியை மடியில் சுமந்து இறங்க வேண்டியிருக்காது.

என் பழைய போர்டும் பிராசசரும் 4 ஜிபி ராமும் நல்ல நிலையில் வீட்டில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளை யாருக்காவது பயன்படுமானால் இலவசமாகவே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு காப்பி விவசாயி,
நாகலூர், ஏற்காடு.