பெரியம்மாவின் மரம்: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவின் நினைவாக நம் ஊர்ச் சோலையில் ஒரு மரம் நட வேண்டும், ஜூலையில் பிள்ளைகளுடன் வரும்போது அதை உங்கள் கையாலேயே நட வேண்டும், அதன் அடியில் அவருடைய படம் பொறித்த கருங்கற் பலகையொன்றும் வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததைச் சோலைக் குழுவின் கூட்டத்தில் வாசித்தோம். பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். இதே விருப்பத்தை லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வேறு சிலரும் தெரிவித்திருப்பதால், உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். மரம் நடுவதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜூலையில் நட முடியாது, பலகை வைக்க முடியாது, நீங்கள் கேட்ட குல்மோகரும் வேண்டாம் என்பது குழுவின் முடிவு. மூன்றையும் மறுத்த பிறகு என்ன மிச்சம் என்று கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

நீங்கள் வரும் ஆடி மாதத்தில் இங்கே சோளகம் வீசிக்கொண்டிருக்கும். கிணற்றடியில் உலரப்போட்ட சேலையை அரைமணி நேரத்தில் காய வைக்கும் அந்தக் காற்று, நேற்று நட்ட கன்றின் இலையையும் அதே வேகத்தில் காய வைக்கும். யாழ்ப்பாணத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவது. தை பிறந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். நமக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் மாரியில் இறங்கி நிற்கும் நீரைத்தான் ஆண்டு முழுவதும் கிணற்றில் அள்ளுகிறோம். கார்த்திகையில் நட்ட கன்றுக்கு வேரோடுவதற்கு இரண்டு மாத ஈரம் கிடைக்கிறது. ஆடியில் நட்ட கன்றுக்கு முதல் நாளிலிருந்தே வாளித் தண்ணீர்தான் கதி. வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கடைப்பிடிப்பதற்கு மழையும் ஒரு காரணம். கார்த்திகையில் நடப்படும் மரத்தை யாருக்காக என்று உற்றுப் பார்க்கும் கண்களும் இங்கே உண்டு என்பது வேறு விடயம்.

கார்த்திகையில் நட்டாலும் வாளி வேலை ஓயப் போவதில்லை. முதலாம் ஆண்டில் மாசி தொடங்கி ஆவணி முடியும்வரை, ஏறத்தாழ 30 வாரங்களுக்கு, ஒவ்வொரு கன்றுக்கும் வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு கன்றுக்கு அது 120 வாளி. சென்ற மாரியில் நட்டவை 26 கன்றுகள் என்பதால், இந்தக் கோடைக்கு மட்டும் 3,120 வாளி. இரண்டாம் ஆண்டில் அதில் பாதி போதும். மூன்றாம் ஆண்டில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு மட்டும் ஊற்றினால் போதும். கல் வெட்டுபவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தைத் தண்ணீர் ஊற்றும் இரண்டு பெண்களின் மூன்றாண்டுக் கூலிக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்பதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

பலகை வேண்டாம் என்பதற்கு என்னுடைய தவறையே சாட்சியாக வைக்கிறேன். அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று, கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் மகிழங்கன்று ஒன்றை நட்டேன். சின்னக் கன்று மரியாதையாக இராது என்று எண்ணி, எட்டடி உயரத்தில் ஒன்றைத் தேடி வாங்கினேன். பொலித்தீன் பையைக் கிழித்தபோது வேர்கள் அடியில் வட்டமாகச் சுருண்டிருந்ததைக் கண்டேன். கண்டும், ஐயர் வந்துவிட்டார், ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள், நேரம் போகிறது என்று அப்படியே குழியில் இறக்கினேன். பிறகு அதைச் சுற்றி இரண்டடி விட்டத்தில் கொங்கிறீற் கட்டுப் போட்டு, மாபிள் பதித்து, அப்பாவின் பெயரை எழுதுவித்தேன். மூன்றாம் ஆண்டுச் சித்திரையில் மகிழ் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டு வந்தது. பிடுங்கியபோது அதிகம் இழுக்க வேண்டியிருக்கவில்லை; வேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பையின் வடிவத்திலேயே இருந்தது. கட்டும் மாபிளும் பெயரும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்கு மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினார். அவர் ஏன் அப்படிப் போகிறார் என்பது எனக்கு விளங்கி, நான் கட்டை உடைப்பதற்கு எட்டு மாதங்கள் சென்றன.

நடுகல் என்று கல்லை நட்டவர்களும் நாம்தான். கல்லுக்கும் கன்றுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பதால் இரண்டும் ஒரே வகை வேலை என்று எண்ணிவிடுகிறோம் போலும். பெரியம்மாவின் பெயரும் படமும் வம்சாவழியும், அந்தியேட்டியன்று நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் ஒழுங்காக இருக்கின்றன. ஊரில் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் அதில் ஒரு பிரதி கிடக்கிறது. சோலையில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் மட்டும் உண்டு. அது மரத்திலிருந்து ஓரடி தள்ளி அடித்த முளையில், சிறிய அலுமினியத் தகட்டில் இருக்கும். மரத்தில் ஆணி அடிப்பதில்லை, கம்பி கட்டுவதும் இல்லை. ஒரு பொது வளாகத்தில், பெயர்த்தகடு தொங்கிய கம்பி வேப்பமரத்தின் பட்டைக்குள் முழுதாக அமிழ்ந்து, கம்பிக்கு மேலே மரம் பருத்தும் கீழே ஒடுங்கியும் நின்றதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. பெயர்கள் பேரேட்டில் இருக்கும்: எண், மரத்தின் இனம், விதை எடுத்த இடம், நட்ட நாள், யாருடைய நினைவு, பட்டுப்போனால் பட்ட நாள், மறுபடி நட்ட நாள். பட்டுப்போன நாளுக்கு ஒரு நிரல் வேண்டுமா, அது அபசகுனம் அல்லவா என்று கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்.

பேராதனைப் பூங்காவை நீங்கள் உதாரணம் காட்டியிருந்தீர்கள். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும் 1901இல் நட்ட நாகலிங்கமும், 1961இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்ட மரமும் அங்கே பெயரோடு இருப்பது உண்மை. நட்ட பெரியவர்கள் ஒரு கை மண் போட்டுவிட்டுக் கப்பலிலும் விமானத்திலும் ஏறிப் போனார்கள். அதன் பிறகு பார்த்தவர்கள் அரசாங்கச் சம்பளத்துத் தோட்டக்காரர்கள். நமக்கு அந்த ஆளணி இல்லை. நான் பார்க்கச் சொல்வது தம்புள்ளையை. சாம் பொப்ஹம் என்ற ஆங்கிலேயர் 1963இல் அங்கே காணி எடுத்து மரச்சோலை அமைக்கப் புறப்பட்டார். நட்ட கன்றுகள் சரிவரவில்லை. ஆனால் தாமாக முளைத்த காட்டு மரங்கள் பற்றைக்குள் உயிரோடு இருந்தன. அதைக் கண்டபின் பற்றையைப் பார்த்துப் பார்த்து அகற்றி, வந்ததை வளரவிடுவதையே தம் முறையாக்கிக்கொண்டார். நம் காணியின் வடக்கு மூலையில் நாங்களும் உண்ணிப் பற்றையை மட்டும் வெட்டிவிட்டு ஒதுங்கியிருக்கிறோம். பறவைகளும் வௌவால்களும் போட்ட பாலையும் வேம்பும் நாவலும் அங்கே ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. சோலையில் இன்று அழகான பகுதி அதுதான். அதற்கு யாருடைய பெயரும் இல்லை என்பது நன்கொடை தந்தவர்களுக்குச் சற்றுச் சங்கடம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சோலைக் காணி 32 பரப்பு, அதாவது 2 ஏக்கர். பெருமரங்களை 30 அடி இடைவெளியில் நட்டால் முழுக் காணியிலும் 96க்கு மேல் நிற்காது. கிணறு, நடைபாதை, வடக்கு மூலை கழித்தால் 70 கூட வராது. நம் ஊரில் நினைக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலோ அதைவிட மிக நீளமானது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ஒரு மரம் ஒருவருக்கு மட்டும் என்று கொடுக்க இயலாது. பெரியம்மாவின் மரத்தின் எண்ணுக்கு எதிரே பேரேட்டில் வேறு இரண்டு, மூன்று பெயர்களும் வரும். அவருடன் கோயிலடியில் கூடியிருந்தவர்களின் பெயர்களாகப் பார்த்து எழுதலாம் என்பது என் எண்ணம்.

அதனால்தான் குல்மோகருக்குப் பதிலாக இலுப்பையைச் சொல்கிறேன். குல்மோகர் பூத்தால் அழகு என்பதை நான் மறுக்கவில்லை. மடகஸ்காரிலிருந்து வந்த அந்த மரத்தின் வேர் மேலோட்டமானது, கிளை காற்றுக்கு முறிவது. வீதியோரத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கோயிலடி இலுப்பையின் கீழே பெரியம்மாவும் மற்றப் பெண்களும் விடியற்காலையில் கொட்டை பொறுக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் வௌவால் பழத்தின் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். பளபளவென்ற மண்ணிறக் கொட்டையில் சில வேளை அதன் பல் பட்ட கீறலும் இருக்கும். அதைக் காய வைத்து, உடைத்து, செக்குக்கு அனுப்பிக் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர்கள் அவர்கள்.

நீங்கள் அறியாத ஒன்றும் உண்டு. 1990இல் விட்டுப்போன வளவுக்கு, பல ஆண்டுகள் கழித்து இராணுவம் காணியை விடுவித்த நாளில், பெரியம்மாவோடு நானும் போனேன். வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று பிரிக்க முடியாதபடி தலைக்கு மேலே பற்றை. கோயிலும் இடிந்திருந்தது; இலுப்பை மட்டும் ஒரு பக்கக் கொப்பு இல்லாமல் நின்றது. பெரியம்மா அதன் அடியில் போய் முதுகைச் சாய்த்து நின்று, கிழக்கே பார்த்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி நடக்கத் தொடங்கினார். கண்ணிவெடி ஏதும் இருக்குமோ என்று நான் பின்னால் பதறிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் நின்று, "இதிலை வெட்டு" என்றார். பற்றையை விலக்கியபோது கிணற்றுக் கட்டின் விளிம்பு கத்தியில் தட்டியது. எத்தனை அடி என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். இலுப்பை ஆனியிலும் ஆடியிலும் பழுக்கும். அதன் விதையை வைத்திருக்க முடியாது. சில வாரங்களில் முளைக்கும் திறன் போய்விடும். ஆகவே நீங்கள் வரும் காலம் நடுவதற்குப் பிழையானாலும் விதைப்பதற்குச் சரியானது. பிள்ளைகளை விடியற்காலையில் கோயிலடிக்குக் கூட்டி வாருங்கள். பொறுக்கிய அன்றே பைகளில் போடலாம். பத்துக் கொட்டை போட்டால் நல்ல கன்று நான்கைந்து தேறும். அவற்றில் ஒன்றை, இரண்டடி உயரமும் சுருளாத வேரும் உள்ளதாகப் பார்த்து, அடுத்த ஆண்டுக் கார்த்திகையில் நாங்கள் நடுவோம். அது பூத்துக் காய்க்கப் பத்து ஆண்டுகளாவது செல்லும். இடையில் பட்டுப்போனால் ஒளிக்க மாட்டேன். பேரேட்டில் எழுதிவிட்டு, உங்களுக்கும் அறிவித்து, அதே விதையில் வந்த அடுத்த கன்றை வைப்போம்.

உங்கள் கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் குழி வெட்டலாம். குழியைக் கோடையிலேயே எடுத்து வைப்பது வழக்கம். இந்தக் காணியில் செம்மண் ஒன்றரை அடிதான், அதன் கீழே கல். மூன்றடி அகலமும் மூன்றடி ஆழமுமாக ஒரு குழி எடுக்க, இருவர் மாறி மாறி அலவாங்கு போட்டால் ஒரு காலைப்பொழுது பிடிக்கும். உடைந்த கல்லையும் தூளையும் வெளியே அள்ளிவிட்டு, அடியில் பொச்சுமட்டை அடுக்கி, பூவரசங்குழை தாழ்த்து, எருவும் மேல்மண்ணும் கலந்து மூடி மழைக்காக விட்டுவிடுவோம். நீங்கள் வெட்டப் போகும் குழி இந்த ஆண்டுக் கார்த்திகைக்கானது என்பதால், அதில் மேற்கு வளவு மாமாவின் நினைவாக ஒரு நாவல் வரும். பெரியம்மாவின் குழியை அடுத்த கோடையில் அந்த மாமாவின் மகன் நோர்வேயிலிருந்து வந்து வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அலவாங்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடி தடித்த செருப்பாகக் கொண்டு வாருங்கள். காணி முழுக்க நெருஞ்சி.

அன்புடன்,
தம்பி