கதை முடிந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள்

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஆசிரியர்களே, நூலகர்களே, கதைசொல்லிகளே, வணக்கம்.

உங்களில் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். நாட்டுப்புறக் கதையைச் சொல்லி முடித்த கையோடு "இக்கதையின் நீதி யாதெனில்" என்று தொடங்குகிறோமே, அந்த வரியை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளை வெளியே அழைத்துப் போங்கள்.

சேதுபாலம் கட்டும்போது மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டியதை உதறிவிட்டுப் போன அணிலை நம் எல்லோருக்கும் தெரியும். வால்மீகியில் இந்த அணில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது, அதைவிட உறுதியாக மக்கள் வாயில் இருக்கிறது. நாமோ "சிறியவரும் உதவலாம்" என்று சொல்லிக் கதையை மூடிவிடுகிறோம். ஒருமுறை நான் மூடாமல், முதுகில் கோடு எத்தனை என்று மரத்தடியில் போய் எண்ணிவரச் சொன்னேன். மூன்று என்று ஓடிவந்தார்கள். ஐந்து கோடு போட்ட அணிலும் உண்டு என்றேன். "அப்படியானால் அதை யார் தடவிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டான் ஒரு சிறுவன். அன்று முதல் அவன் அணிலைக் கண்டால் நிற்காமல் போவதில்லை.

தூக்கணாங்குருவியும் குரங்கும் கதையிலும் இதே தவறைத்தான் செய்கிறோம். மூடருக்குப் புத்தி சொல்லாதே என்பதோடு முடித்துவிடுகிறோம். ஆண் குருவி கூட்டைப் பாதி நெய்துவிட்டுக் காத்திருக்கும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கதை. உலகெங்கும் பல வடிவங்களில் சொல்லப்படுவது. நாட்டார் வழக்காற்றியலார் கதைவகை அட்டவணையில் 554 என்ற எண் கொடுத்து, 'நன்றியுள்ள விலங்குகள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். வழிப்போக்கன் எறும்புப் புற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறான். கரையில் துடிக்கும் மீனைத் தண்ணீரில் விடுகிறான். பின்னால் அவனுக்குச் செய்யவே முடியாத வேலைகள் வந்து சேரும்போது, கலந்து கிடக்கும் விதைகளை எறும்புகள் பிரித்துக் கொடுக்கின்றன; கடலில் விழுந்த மோதிரத்தை மீன் கொண்டுவருகிறது. யாரும் எறும்பைக் கடலில் குதிக்கச் சொல்வதில்லை. முதலில் அவன் குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாமோ பார்க்கவே விடாமல், "உன் திறமை என்ன, காட்டு" என்று பிள்ளைகளை மேடையேற்றுகிறோம். பாட்டு, நடனம், பேச்சு என்ற மூன்றிலும் சேராத பிள்ளை, தன்னிடம் கொடுக்க எதுவுமே இல்லை என்று நம்பிவிடுகிறது.

அப்படி ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். ஆண்டு முழுக்க வாய் திறந்ததில்லை. இந்தக் கதையைச் சொன்ன நாளில் எல்லோரும் எறும்பு தேடிப் போனோம். சுவரோரம் ஒரு தும்பி இறகை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. இறகு பாய்மரம் போல நிமிர்ந்து ஆடியது. விரிசலுக்குள் நுழையாமல் மாட்டிக்கொண்டது. எறும்புகள் அதைத் திருப்பின, மறுபடி மாட்டியது. மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிட்டார்கள். அவள் குந்தியபடியே அரை மணி நேரம் அசையவில்லை. நல்லவேளை, நான் அவளைக் கூப்பிடவில்லை.

அந்தப் பொறுமைக்கு நம்மிடம் பரிசுக் கோப்பை கிடையாது. தயவுசெய்து உருவாக்கவும் வேண்டாம்; போட்டியாக்கினால் கெட்டுவிடும். அந்தப் பிள்ளை கண்டதை மற்றவர்கள் கேட்க ஓர் இடம் கொடுத்தால் போதும். அதற்காகத்தான் ஒவ்வொரு கதைக்கும் பிறகு கொஞ்ச நேரம் மிச்சம் வையுங்கள் என்று கேட்கிறேன்.

மறுவாரம் அவள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். இறகைச் சுற்றி ஏழு எறும்புகள். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தவறாக வரைந்துவிட்டாய் என்று பிள்ளைகள் சொன்னபோது அவள் எழுந்து நின்றாள். "இல்லை, அப்படித்தான் இழுத்தது. நான் பார்த்தேன்" என்றாள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி