பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

இந்தச் சில மாதங்களாக நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி நான் பட்ட பாட்டைத் திரும்பவும் விவரமாக எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு நடுராத்திரியில் என் போனை எடுத்துப் பேசியவர்கள்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, நேற்று விடியும்வரை தூங்கினேன். இந்தத் தெம்பு இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி உங்களில் யாரும் பார்த்திராத ஒருவருக்கு. அவர் பெயர் எனக்கும் தெரியாது. கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

கடைசியாக என்னை அள்ளிக்கொண்டு ஓடினீர்களே, அந்த இரவு அப்சர்வேஷன் வார்டில் பக்கத்துக் கட்டிலில் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அவர். எனக்கு ஈசிஜி நார்மல், எக்ஸ்ரே நார்மல். "பேனிக் அட்டாக்தான், மனசை லேசா வெச்சுக்கோங்க, காலையில கிளம்பலாம்" என்று சொல்லி, தூங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை.

காலையில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது என் கையில் ஒரு அட்டைத் துண்டைத் திணித்தார். மாத்திரைப் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார். 1 மணி, 112. 3 மணி, 108. 5 மணி, 114. அதற்குக் கீழே, "அசந்த தூக்கம். கை சூடு."

ஒன்றும் புரியாமல் நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவம்மா. பயத்துல ஓடுற நாடி தூங்கினா இறங்கும். உனக்கு இறங்கவே இல்ல. பயந்தவங்க கை ஜில்லுனு இருக்கும், உனக்குச் சுடுது. இதைக் காட்டி, தைராய்டு பாக்கணுமான்னு கேளு." அதற்குள் அவர் கணவர் தண்ணீர் கேட்டுக் கையை அசைத்தார். அவர் திரும்பிவிட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அந்த அட்டையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள். அவருக்கே தூக்கமில்லாத இரவு. பக்கத்தில் கிடப்பது சொந்தக் கணவர். ஒருமுறை எண்ணிவிட்டு "சரி, வேகமாத்தான் இருக்கு" என்று விட்டிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து வந்து, நான் விழித்துவிடாதபடி மணிக்கட்டைத் தொட்டு, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார். பெட்டி அட்டைதான் கிடைத்தது போல, அதில். முன்பின் தெரியாத ஒருத்திக்காக. நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டால், எண்ணவே தெரிந்திருக்காது என்பதுதான் பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதங்களில் என்னிடம் பேசியவர்கள் இரண்டு வகை. ஒன்றுமில்லை, தைரியமாக இரு என்றவர்கள் ஒரு வகை. கூகுளில் தேடி எதையெதையோ சொல்லிக் கலவரப்படுத்தியவர்கள் இன்னொரு வகை. அந்த அம்மா ஆறுதலும் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. வியாதிக்குப் பெயர் வைக்கவும் இல்லை. பார்த்ததை எழுதிக் கொடுத்து, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த அட்டையோடு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவருக்கு இரண்டாவது நன்றி, ஏனென்றால் அதை வாங்கி மேசையில் ஒதுக்கி வைக்காமல் நிதானமாகப் படித்தார். "தூங்கும்போது எண்ணினதா? யார் எண்ணினாங்க?" என்று கேட்டார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று நடுங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கச் சொல்லி, தைராய்டு சுரப்பி இருக்கிற கழுத்துப் பகுதியைப் பார்த்தார். அப்புறம் கேள்விகள். பசி கூடியிருக்கிறதா? சாப்பிட்டும் எடை குறைகிறதா? மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும்போது உங்களுக்கு மட்டும் புழுங்குகிறதா? வயிறு அடிக்கடி போகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம். (இளைத்து அழகாகிவிட்டாய் என்று என்னைப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றியில் பங்கு கிடையாது.)

காபி எத்தனை, சளிக்கு மாத்திரை ஏதாவது, மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் உண்டா என்றெல்லாம் கேட்டார். அவற்றாலும் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளுமாம். ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, இதயத்தின் மின்னோட்டத்தில் வந்து வந்து போகிற கோளாறு, இவையும் பேனிக் அட்டாக் போலவே வேஷம் கட்டி வரக்கூடியவை என்றார். படபடப்பு நின்றபிறகு எடுத்த ஈசிஜியில் அந்த இதயக் கோளாறு தெரியாமல் போகலாம். அதனால் தேவைப்பட்டால் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவியைப் பார்க்கலாம் என்றார். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டுகிற ஹார்மோன், ரத்தத்தில் ஏறக்குறைய 0.4இலிருந்து 4க்குள் இருக்க வேண்டும், எனக்கு 0.01க்கும் கீழே. தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, போதும் நிறுத்து என்று மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தான் அனுப்புகிற டிஎஸ்எச்சைக் குறைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த எண் விழுந்து கிடக்கிறது என்று விளக்கினார். ஹார்மோன் மிகுந்த உடம்பில் பயத்தில் சுரக்கிற அட்ரினலின் கொஞ்சமே இருந்தாலும் இதயம் பெரிதாகத் துள்ளும். ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) பரிசோதனையும் வந்தபிறகு பெயர் தெரிந்தது: கிரேவ்ஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிற வியாதி.

பெயர் தெரிந்ததும் உட்கார்ந்து படித்தேன், சும்மா இருக்க முடியுமா. டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இந்த நோயை விவரித்தபோது, அவர் சொன்ன நோயாளிகளில் ஒருத்தி இருபது வயதுப் பெண். அவளுக்கு வந்திருப்பது ஹிஸ்டீரியா, அதாவது மனக்கோளாறு என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். சில மாதம் கழித்துத்தான் அவள் நாடி விசித்திரமான வேகத்தில் ஓடுவதைக் கவனித்தார்களாம். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கும் யாரோ ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருக்க வேண்டும்.

முடிவு வந்ததும் ஒரு விஷயம் என்னை உறுத்தியது, நன்றி மடலில் சொல்லக் கூடாதோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். "அப்போ நிஜமாவே வியாதிதானா!" என்று பலர் கேட்டார்கள். சிலர் குரலில் மரியாதைகூட ஏறியிருந்தது. அந்த டிஎஸ்எச் எண் நார்மலாக, 2 என்று வந்திருந்தால்? மூச்சு முட்டியதும், உதட்டைச் சுற்றி மரத்ததும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றியதும் பொய்யாகியிருக்குமா? என்னைப் போலவே அவதிப்பட்டு, எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்து, கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் இருக்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் படுவதும் இதே பாடுதான். எனக்குத் தாள் கிடைத்தது என்பதற்காக அவர்களைவிட ஒரு படி மேலே என்னை ஏற்றி வைக்காதீர்கள்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியவர்கள் பலர், எல்லோரையும் ஒரே பத்தியில் அடைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் இறங்கிடும், கடிகாரத்தைப் பாரு" என்று போனிலேயே கூட இருந்த தோழி. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து கை மரத்துப்போகும் என்பதைப் படம் வரைந்து காட்டி, இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்லிக் கொடுத்த கவுன்சிலர். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லி ஒருவர் பையோடு வந்தபோது, காரணம் இதயமோ நுரையீரலோ என்றால் அது ஆபத்து என்று பிடுங்கி எறிந்த தம்பி. காரணம் கேட்காமல் என் வேலையைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்ட அலுவலக அண்ணன். "மறுபடியுமா?" என்று ஒருமுறைகூடக் கேட்காத அம்மா அப்பா.

ஒரு காரியம் செய்வதாக முடிவெடுத்திருக்கிறேன். நாடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவதெல்லாம் வேண்டாம், முழுசாக ஒரு நிமிடம். இனி யாராவது என்னிடம் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தால், புத்தி சொல்வதற்குப் பதிலாக முதலில் எண்ணுவேன். எண்ணி, எழுதிக் கொடுப்பேன். அதற்கு மேல் டாக்டர் வேலை பார்க்க மாட்டேன்.

இன்றைய நிலவரம் கேட்பவர்களுக்கு: தைராய்டு சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே சுரந்து சேர்ந்த ஹார்மோன் தீர வேண்டும் என்பதால், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகுமாம். அதுவரை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் ப்ரோப்ரனலால். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்தத்தில் வெள்ளையணு பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பயம் முழுசாகப் போகவில்லை. நாடி இறங்கினாலும், லிஃப்ட் கதவு மூடும்போது உடம்பு பழைய பாடத்தை ஒப்பிக்கப் பார்க்கிறது. அதற்குக் கவுன்சிலரிடம் போவது தொடர்கிறது. நான்காவது மாடிவரை தினமும் என்னோடு லிஃப்டில் ஏறி, மறுபடி படியில் இறங்கித் தன் வேலைக்குப் போகிற அந்தத் தோழிக்கு, இரண்டாம் மாடிவரை இனி நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.