எங்கள் வார்டில் இரண்டாவதாக வந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் ஒரு சின்னப் பேரூராட்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நேர் எதிரே பேரூராட்சி அலுவலகம். கடை திறந்த நாளிலிருந்து உங்கள் பத்திரிகை வாங்குகிறேன். படித்துவிட்டு எடைக்குப் போடுவதோடு சரி, கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள், போன மாதம் 23ஆம் தேதி காலையில் பத்திரிகையை விரித்தேன். 21 மாநகராட்சிகளும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு என்று முதல் பக்கம் முழுக்கச் செய்தி. உள்ளே கட்சிவாரியாக ஒரு அட்டவணை, அதில் கடைசிக் கட்டம் ‘மற்றவை’. எங்கள் பேரூராட்சிக்கு ஒரே ஒரு வரி கிடைத்திருந்தது. என் வார்டில் யார் ஜெயித்தார் என்பது முந்தின நாள் பட்டாசுச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தோற்றவர் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று தேடினேன். இல்லை. டீக்கடையில் கேட்டால் ஒருவர் ஐம்பது ஓட்டு என்றார், இன்னொருவர் மூணே ஓட்டு என்று அடித்துச் சொன்னார்.

சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த 2021 மே 2ஆம் தேதி எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். எங்கள் தொகுதி கடைசி வரைக்கும் இழுபறி. ராத்திரி சோறு ஆறிப்போனது. இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருக்கும் தொகுதியில் பாஜக வேட்பாளர் சரஸ்வதி 281 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன், முன்னாள் மத்திய அமைச்சர். தி.நகரில் 137 ஓட்டு வித்தியாசம், தென்காசியில் 370, காட்பாடியில் துரைமுருகனே எழுநூற்றுச் சொச்சத்தில் தப்பித்தார் என்று மறுநாள் நீங்கள் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் சின்னப் பையனைக் கேட்டாலும் 281 என்று சொல்வான். அதே பையனுக்குத் தன் வார்டுக் கணக்கு தெரியாது.

எங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கணக்கில் ஒரு பழைய கதையும் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறை யார் காதிலும் விழவில்லை என்று கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. அதுதான் என் முதல் ஓட்டு. கையில் கொடுத்தது சீட்டு இல்லை, புத்தகம். நான் போட வேண்டிய பெயரைத் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் நின்ற பெரியவர் “ஏனம்மிணி, பரீட்சையா எழுதற?” என்றார். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். அதற்கப்புறம்தான் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரையும் தாண்டி அன்று ஜெயித்தவரும் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். இருபத்தைந்து வருடம் கழித்து 281இல் தோற்றார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பத்திரிகைகள் எழுதியதால்தான்.

இப்போது வார்டுக்கு வருகிறேன்.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 4. அன்று என் மிஷின் சூடேறி இரண்டு தடவை நின்றுவிட்டது. உறுதிமொழிப் பத்திரம், வரி ரசீது, சாதிச் சான்று, ஆதார் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஒரே கோந்து டப்பாவில் போட்டோ ஒட்டினார்கள். என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. நான்கு பேர் மனு போட்டார்கள், நான்கு பேருக்கும் ஆண்கள்தான் வந்து பாரம் நிரப்பினார்கள். ஒருவர் மனைவியின் பிறந்த தேதி தெரியாமல் போன் போட்டுக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அந்த நான்கு பேரில் ஒருவர் ஆளுங்கட்சி. ஒருவர் எதிர்க்கட்சி. மூன்றாவது ஆளும் ஆளுங்கட்சிக் குடும்பம்தான், ஆனால் சீட் கிடைக்காத கோபத்தில் சுயேச்சை. நான்காவது ஒரு தையல்காரப் பெண். கட்சி கிடையாது, சொந்தபந்தத்தை நம்பி நின்றார். பணப் பட்டுவாடா பற்றி எழுதினால் நீங்கள் போட மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

முடிவை மாநிலத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடி எடுத்தேன். கடையில் கம்ப்யூட்டர் இருப்பதால் முடிந்தது. பதிவானது 480 ஓட்டு. ஜெயித்த ஆளுங்கட்சி வேட்பாளர் 187. சுயேச்சை 178. எதிர்க்கட்சி 82. தையல்காரப் பெண் 33. எந்த வார்டு என்று எழுதவில்லை, எழுதினால் நாளைக் காலையில் யாராவது கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

உங்கள் அட்டவணையில் இது ஆளுங்கட்சிக்கு ஒரு இடம், அவ்வளவுதான். ஆனால் இங்கே நடந்ததோ ஒரே கட்சி வீட்டுக்குள் நடந்த சண்டை. வித்தியாசம் ஒன்பது ஓட்டு. ஐந்து ஓட்டு மாறி, அதாவது ஒரு வீட்டு ஓட்டும் பக்கத்து வீட்டு ஓட்டும் அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்திருந்தால், ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ஒன்று கூடியிருக்கும். நீங்களும் சுயேச்சை வென்றார் என்று எழுதியிருப்பீர்கள். ஒன்பது மாத ஆட்சிக்கு மக்கள் கொடுத்த சான்றிதழ் என்று டிவியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த மக்களில் நானும் ஒருத்தி. நான் ஆட்சியை நினைத்து ஓட்டுப் போடவில்லை. எங்கள் தெருவில் குழாய் வெட்டிப் போட்ட பள்ளத்தை நினைத்துப் போட்டேன். போன ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலில் நான் அழுத்திய சின்னம் வேறு, பிப்ரவரியில் அழுத்திய சின்னம் வேறு. ஏப்ரலில் நோட்டாவாவது இருந்தது, இதில் அதுவும் கிடையாது.

அந்த முடிவை இரண்டு காப்பி எடுத்து ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். அன்று சாயங்காலம் தையல்காரப் பெண் வந்தார். ஒரு பிரிண்ட் கேட்டார். கையில் வாங்கித் தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்துத் தாளின் பின்பக்கம் பெயர் பெயராக எழுத ஆரம்பித்தார். பெரியப்பா வீடு நாலு, சின்ன மாமியார் வீடு ஆறு, இப்படியே. எழுதி முடித்துக் கூட்டினார். “ஏனுங்கக்கா, எங்க சொந்தமே முப்பத்தெட்டு வருதுங்க. முப்பத்திமூணுதான் போட்டிருக்குது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து பேர் யாராக இருக்கும் என்று தாளை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

ஜெயித்த அம்மாவும் வந்தார். மனுத் தாக்கல் சமயத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டவர், இந்தத் தடவை தனியாக நடந்து வந்தார். வெற்றிச் சான்றிதழை ஐந்து காப்பி எடுக்கச் சொன்னார். லேமினேஷன் போடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாங்க, பதவியேற்புக்குக் கேப்பாங்களோ என்னமோ” என்றார். ஒன்பது ஓட்டுக் கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு 2011க்குப் பிறகு இப்போதுதான் உள்ளாட்சித் தேர்தல். 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. மனு எழுதித் தருவதும் என் தொழிலில் ஒரு பங்கு. அந்த ஐந்து வருடமும் ‘பெறுநர்’ என்பதற்குக் கீழே ‘தனி அலுவலர் அவர்கள்’ என்றே அடித்திருக்கிறேன். எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் மனு கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும், தேதியை மட்டும் மாற்றுவேன். பதினோரு தடவை மாற்றியிருக்கிறேன். மார்ச் 2ஆம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்ற பிறகுதான் அந்த வரியை அழித்து ‘வார்டு உறுப்பினர் அவர்கள்’ என்று அடித்தேன்.

தலைவரை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பது இன்னொரு வருத்தம். 2006இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் நாங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் உறுப்பினர்கள் கைக்கே போய்விட்டது. யார் ஆட்சிக்கு வந்தாலும் இது மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. மார்ச் 4ஆம் தேதி தலைவர் தேர்தலில் பல ஊர்களில் கூட்டணிக்கு ஒதுக்கிய பதவியில் சொந்தக் கட்சிக்காரரே போட்டியிட்டு ஜெயித்ததும், அவர்கள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று முதல்வரே அறிக்கை விட்டதும் உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது போலத் தெரிந்தது. வார்டு வாரியாக ஓட்டைப் போட்டிருந்தால் பிப்ரவரி 23ஆம் தேதியே தெரிந்திருக்குமே. 187க்கும் 178க்கும் நடுவில் அதுதானே இருந்தது?

சென்னையில் நூற்றுக்கு 44 பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை, பேரூராட்சிகளில் சுமார் 75 பேர் வந்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல செய்தி. ஆனால் அந்த 75 பேர் போட்ட ஓட்டு என்ன ஆயிற்று என்பதற்கு மாவட்டப் பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா? மாநிலம் முழுக்கப் பேரூராட்சி வார்டுகள் 7,621. எல்லாவற்றையும் போடச் சொல்லவில்லை. ஈரோடு பதிப்பில் ஈரோடு மாவட்டத்தை மட்டும் போடுங்கள், ஒரே நாளில் வேண்டாம், தினம் இரண்டு பேரூராட்சியாக. முதல் இரண்டு பேர் பெயர், அவரவர் ஓட்டு, அது போதும். துணிக்கடை விளம்பரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பங்கு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மாமன்றக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்புகிறீர்கள், பேரூராட்சிக் கூட்டத்துக்கும் எப்போதாவது அனுப்புங்கள். குழாய் மனு இந்தத் தடவை அங்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீர்மான நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள், ஆனால் நானாக அதைப் படித்துப் பார்ப்பது முறையில்லை.

கண்ணாடியில் ஒட்டிய தாள் வெயிலில் மஞ்சளாகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இன்னும் படிக்கிறார்கள். நேற்று ஒருவர் பக்கத்து வார்டு தாளும் ஒட்டச் சொன்னார், ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மொடக்குறிச்சி தொகுதி, ஈரோடு மாவட்டம்.
மார்ச் 2022