வாங்கி வைப்பதும் வளைத்துப் போடுவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்புக்காக ஜப்பானிய மொழி பயிலும் நம் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களில் பெரும்பாலோர் அம்மொழியை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கிறார்கள். அதனால் நேரும் இடறல் ஒன்றை, பல ஆண்டுகளாக ஜப்பானிய மொழிபெயர்ப்பில் இருப்பவன் என்ற முறையில் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

நான் முன்பு பணிபுரிந்த வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், மழைக்காலத்தில் சரக்கு வரத்து தாமதமாகலாம் என்று கருதி, மூன்று மாதங்களுக்கு வேண்டிய பேரிங்குகளை முன்னதாகவே வாங்கிவிட்டார்கள். அதைத் தெரிவிக்கும் ஆங்கிலக் கடிதத்தில், மொத்தமாக வாங்கிவிடுவதைக் குறிக்கும் ‘பை அப்’ (buy up) என்ற தொடர் இருந்தது. அகராதி காட்டிய முதற்சொல்லான ‘கைஷிமெரு’ என்பதையே நான் எழுதி ஜப்பானுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்த கொள்முதல் அதிகாரி, மற்ற ஆலைகளுக்குச் சரக்கே கிடைக்காதபடி செய்துவிட்டீர்களா என்று கவலையோடு கேட்டார். ஜப்பானிய மொழியில் ‘கை’ என்பது வாங்குவதைக் குறிக்கும்; ‘ஷிமெரு’ என்றால் இடத்தைத் தனதாக்கிப் பிடித்துக்கொள்வது; ஆகவே ‘கைஷிமெரு’ என்பது, நிலத்தை வளைத்துப் போட்டார்கள் என்று நாம் சொல்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்த சொல். 1973-இல் ஜப்பான் இயற்றிய பதுக்கல் தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே அதன் பெயர்ச்சொல் வடிவமான ‘கைஷிமே’ இடம்பெற்றிருக்கிறது என்றால், அது கேட்பவர் காதில் எவ்வளவு கடுமையாக விழும் என்பதை ஊகிக்கலாம். தேவையானதை உறுதிசெய்து கொண்டோம் என்று பொருள்படும் ‘கக்குஹோ’ என்ற சொல்லை இட்டு, அன்றே வேறு கடிதம் எழுதி அனுப்பினேன்.

ஆங்கிலத்தில் ஒரே தொடர் பல சூழல்களுக்குப் பொருந்திவிடுகிறது. ஜப்பானிய மொழியிலோ வாங்குபவரின் நோக்கத்திற்கேற்ப வினையே மாறிவிடும். தட்டுப்பாடு வருமென்று அஞ்சித் தேவைக்கு மேல் சேர்ப்பது ‘கைதமே’; 1973-இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடியின்போது ஒசாகாவை அடுத்த செந்ரி புறநகரில் கழிவறைக் காகிதத்துக்காக மக்கள் முண்டியடித்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நிறைய வாங்கி வீட்டில் நிரப்புவது ‘கைக்கொமு’. கூட்டாளியின் பங்கை விலைகொடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது ‘கைதொரு’. ஒரு நிறுவனத்தையே வாங்குவதைக் குறிக்கும் ‘பைஷூ’ என்ற சொல், வாக்காளரைப் பணத்தால் வாங்குவதையும் குறிக்கும் என்பதால் அதைக் கையாளுவதில் கூடுதல் கவனம் தேவை.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்ப்பவருக்குத்தான் புதிர். தமிழில் எண்ணிப் பார்ப்பவருக்கு வழி முன்பே திறந்திருக்கிறது. வாங்கிக் குவித்தான், வாங்கிப் போட்டான், வாங்கிப் பதுக்கினான் என்று, வினையோடு வினை சேர்த்து நோக்கத்தைக் காட்டுவது நமக்கு இயல்பு. மழைக்கு முன் அரிசி வாங்கி வை என்று வீட்டில் சொல்கிறோம். அதையே ஜப்பானியர் ‘கத்தே ஒக்கு’ என்பார்கள். ‘கத்தே’ என்பது நம் ‘வாங்கி’. ‘ஒக்கு’ என்பது நம் ‘வை’. ஒரு பொருளை ஓரிடத்தில் வைப்பதற்கும், பின்னால் உதவுமென்று ஒன்றை முன்கூட்டிச் செய்து வைப்பதற்கும் இரு மொழிகளிலும் ஒரே வினை பயன்படுவதை வகுப்பில் சொன்னபோது, அதுவரை இலக்கணக் குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, அடுத்த நிமிடமே தானாக நான்கு வாக்கியங்கள் அமைத்துக் காட்டினாள்.

ஆகவே, ஜப்பானிய மொழிக்குத் தமிழ்வழிப் பயிற்சி நூல்களும் தமிழ்–ஜப்பானிய வினை அகராதியும் உருவாக, நம் பல்கலைக்கழகங்களும் மொழிப் பயிற்சி நிலையங்களும் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்பணியில் பங்கேற்க என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்.