வீட்டுக் கடன் வாங்குவோருக்குச் சட்டக் கருத்துரையின் நகல் தரப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி ஆவணம் கொடுத்து வீட்டுக் கடன் பெற்றவர்களை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்து சிறையில் அடைத்தனர் என்பதோடு வீட்டுக் கடன் மோசடி பற்றிய செய்திகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அந்த வீட்டை நம்பி வாங்கிக் குடியேறிய குடும்பம், வீடு கையில் நிற்குமா நிற்காதா என்று தெரியாமலேயே மாதத் தவணையைக் கட்டிக்கொண்டு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைவது செய்தியில் வருவதில்லை. வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்ததிலிருந்து ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா என்று வங்கியின் வழக்கறிஞர் எழுதித் தரும் சட்டக் கருத்துரைக்கும், அதன் விலைமதிப்பைக் கூறும் மதிப்பீட்டு அறிக்கைக்கும் கட்டணம் செலுத்துபவர் கடன் வாங்குபவர்தான்; அந்த இரண்டும் கடன் தொகை வழங்கப்படுவதற்கு முன்பே அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவற்றில் பொய்யாகவோ பொறுப்பில்லாமலோ கையெழுத்திட்டவர்கள் அவரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக வேண்டும்.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், சொத்தின் மீது பதிவான விற்பனைகளையும் அடமானங்களையும் காட்டும் வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், கிரய ஒப்பந்தம் என்று கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவை வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் போகின்றன. இருவருக்கும் உரிய கட்டணம் விண்ணப்பதாரரிடமே வசூலிக்கப்படுகிறது. ஆனால் அவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கடன் ஒப்புதலாகிவிட்டது என்ற தகவல் மட்டும் வருகிறது. "பேங்குக்காரங்களே பார்த்துட்டுக் கடன் கொடுக்கிறாங்க, அப்புறம் என்ன பயம்" என்று சொல்லாத வீடு சென்னையில் அரிது. மோசடிக்காரர்கள் முதலாக வைத்துத் தொழில் செய்வது இந்த நம்பிக்கையைத்தான். வங்கி பார்ப்பது தன் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே. பத்திரத்தில் குறை வெளிப்பட்டால் வங்கி கடனாளியின் சம்பளத்திலிருந்தும் பிற சொத்திலிருந்தும் வசூலித்துக்கொள்ளலாம். வீடு வாங்கியவருக்கோ அந்த வீட்டைத் தவிர வேறு கதி இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு தம்பதிக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மேடவாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடொன்றை அவர்கள் மறுவிற்பனையில் வாங்கினார்கள். விற்றவரின் கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற சான்றிட்ட நகலைத்தான் காட்டினார்கள். வில்லங்கச் சான்றில் எந்தக் குறையும் இல்லை. கடனும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து, வேறொரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தின் அறிவிப்பு அந்த வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. விற்றவர் 2012ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அசல் பத்திரத்தை அந்த நிறுவனத்தில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தார். பத்திரம் தொலையவே இல்லை.

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 58ஆவது பிரிவின்படி, உரிமை ஆவணங்களைக் கடனுக்கு ஈடாகக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது செல்லத்தக்க அடமானம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பருக்கு முன் அந்த ஒப்படைப்பைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாததால், அதற்கு முந்தைய அடமானங்கள் வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் தென்படாது. பிறகுதான் சட்டத் திருத்தத்தின் மூலம் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 2011இலிருந்து, கடன் நிறுவனங்கள் இத்தகைய அடமானங்களைப் பதிவு செய்வதற்கென்றே செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகம் இயங்கி வருகிறது. அதில் பொதுமக்களே இணையத்தில் பத்து ரூபாயும் வரியும் கட்டித் தேடிப் பார்க்கலாம். மேடவாக்கம் வீட்டின் அடமானம் அந்தப் பதிவகத்தில் இருந்தது.

வழக்குக்காகக் கேட்டு வாங்கிய பிறகு அந்தத் தம்பதிக்குக் கடன் வழங்கிய வங்கியின் சட்டக் கருத்துரை என் கைக்கு வந்தது. ஒன்பது பக்கம். முதல் சில பக்கங்கள் நிலத்தின் வரலாறு. யார் யாருக்கு எந்த ஆண்டு விற்றார் என்று வரிசையாக, பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. எட்டாவது பக்கத்தில், "விற்பவர் பெயரிலான அசல் ஆவணம் காணப்படாமையால், காவல் துறையின் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் பெற்று, மத்தியப் பதிவகத்தில் தேடிச் சரிபார்த்த பின்னரே கடன் வழங்கலாம்" என்று வழக்கறிஞர் நிபந்தனை விதித்திருந்தார். அதற்கு எதிரே ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார்கள். காவல் துறைச் சான்றோ, நாளிதழ் அறிவிப்போ, பதிவகத்தில் தேடியதற்கான தாளோ அந்தக் கோப்பில் இல்லை. அந்த ஒரு பக்கத்தை அப்போதே படித்திருந்தால் முன்பணத்தோடு பின்வாங்கியிருப்பேன் என்றார் அந்தக் கணவர். அவர் தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர். அவரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காட்டியே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்திலிருந்து வாராக் கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம், 2002இன் கீழ் அறுபது நாள் அறிவிப்புக்குப் பின் சொத்தைக் கையகப்படுத்தக் கடன் நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட நாற்பத்தைந்து நாள்தான். இதற்கிடையே அந்தத் தம்பதி தம் வங்கிக்குத் தவணை கட்டத் தவறினால் கடன் மதிப்பெண் சரியும், பிறகு எங்கும் கடன் கிடைக்காது. எனவே பறிபோகக்கூடிய வீட்டுக்கு மாதந்தோறும் தவணை கட்டிக்கொண்டே, அதே வீட்டைக் காப்பாற்ற வழக்கும் நடத்துகிறார்கள். அவர்கள் வீடு வாங்கக் கடன் கொடுத்த வங்கி இதில் ஒரு தரப்பாக நின்று அவர்களுக்குத் துணை செய்யவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தந்தது.

மோசடியில் வேறு வகைகளும் உண்டு. போலிச் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் தயாரித்துக் கொடுக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கு ஓர் ஆளை நிறுத்தி, விற்காத வீட்டை விற்றதாகக் காட்டிக் கடனைத் தாமே எடுத்துக்கொள்ளும் கட்டுமான நிறுவனங்கள் இருக்கின்றன. மதிப்பீட்டை உயர்த்துவது இவை எல்லாவற்றுக்கும் துணைபோகிறது. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம், எழுபத்தைந்து லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு, அறுபது லட்சம் பெறும் வீட்டை எண்பது லட்சம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால் பொருளற்றுப் போகிறது. கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் கடனை விடுவிக்க வேண்டும் என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அதை மீறிக் கட்டாத வீடுகளுக்கு முழுப் பணத்தையும் வழங்கியதாக டெல்லி தலைநகர் வட்டாரத்தில் எழுந்த புகார்களை விசாரிக்க 2025இல் உச்ச நீதிமன்றமே மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உத்தரவிட வேண்டி வந்தது. மதிப்பீட்டு அறிக்கை வாங்குபவரிடமும் இருந்திருந்தால், எழும்பாத தளத்தை எழும்பியதாக எழுதியிருப்பதை அவர் தம் கண்ணாலேயே சரிபார்த்திருப்பார்.

தண்டனைக்குச் சட்டப் பிரிவுகளில் குறைவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு ஏமாற்றுதலுக்கு ஏழாண்டு வரையும், 338ஆவது பிரிவு மதிப்புள்ள ஆவணங்களைப் போலியாகத் தயாரிப்பதற்கு ஆயுள் தண்டனை வரையும் விதிக்க இடமளிக்கின்றன. பதிவுச் சட்டத்தின் 82ஆவது பிரிவும் பொய் வாக்குமூலத்துக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் பத்திரத்தைப் போலியாக அடித்தவரும் கடன் வாங்கியவரும்தான். வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் கவனக்குறைவாகக் கருத்துரை வழங்கினார் என்பதற்காக மட்டும், சதியில் பங்கு இருந்ததற்கான சான்று இல்லாமல், அவர் மீது குற்ற வழக்குத் தொடர முடியாது என்று வீட்டுக் கடன் வழக்கொன்றிலேயே 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் குறை கூறவில்லை; தவறிழைத்த ஒவ்வொருவரையும் சிறைக்கு அனுப்பினால் யாரும் கருத்துரை எழுத முன்வரமாட்டார்கள். ஆனால் சதிக்கும் நேர்மையான தவறுக்கும் நடுவே பொறுப்பின்மை என்று ஒன்று இருக்கிறது. அசலைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதுவதும், சொத்து இருக்கும் தெருவுக்கே போகாமல் மதிப்பீடு தயாரிப்பதும், வழக்கறிஞர் விதித்த நிபந்தனையை நிறைவேற்றாமலே கிளை அலுவலர் பணத்தை விடுவிப்பதும் அந்த வகை. அவற்றுக்காக வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் இன்று பெரும்பாலும் கிடைக்கும் தண்டனை, வங்கிகளுக்குள் சுற்றும் ஓர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் சேர்வதுதான். மோசடிக்குத் துணைபோன வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் போன்றோரின் விவரங்களை இந்திய வங்கிகள் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மோசடியால் சீரழிந்த குடும்பத்துக்கு அதனால் ஒரு ரூபாய் இழப்பீடும் வருவதில்லை.

போலிப் பத்திரங்களை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் தந்து 2022இல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. முந்தைய அசல் ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்க வழி செய்த விதியை 2025இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சார்பதிவாளர் உரிமையை ஆராய்ந்து தீர்ப்பளிக்க முடியாது என்பது நீதிமன்றங்களின் நிலை. அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் உரிமையை ஆராயும் ஆள் இந்த வரிசையில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். அவர் வங்கியின் வழக்கறிஞர். அவர் எழுதுவதை மூடி வைப்பதில் என்ன நியாயம் இருக்க முடியும்?

வழக்கறிஞரின் கட்சிக்காரர் வங்கிதான், எனவே கருத்துரை ரகசியம் என்று வங்கிகள் சொல்லக்கூடும். கட்டணம் கட்டியவர் கடனாளி. அந்த ஆவணத்தை நம்பி இருபது ஆண்டு உழைப்பை ஈடு வைப்பவரும் அவர்தான். கடன் முடிந்த முப்பது நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோதும், நடைமுறைக்கு ஒத்துவராது என்ற பேச்சு எழத்தான் செய்தது. இன்று அது நடக்கிறது. 2024 அக்டோபர் முதல் கடனாளிக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தருவதும் கட்டாயமாகியிருக்கிறது. அந்த அறிக்கையில் வட்டியும் கட்டணமும் இருக்கின்றன; சொத்தின் உரிமையைப் பற்றி ஒரு வரி இல்லை. மத்தியப் பதிவகத்தில் தேடிய நாளும் முடிவும், அசல் ஆவணங்களைப் பார்த்தவர் பெயர், வழக்கறிஞர் விதித்த நிபந்தனைகள், அவை நிறைவேறியதா என்பது, மதிப்பீட்டாளர் நேரில் வந்த நாள் ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக அதனுடன் சேர்ப்பது வங்கிகளுக்குப் பெரிய சுமை ஆகாது. அதில் பொய் இருந்தால், கடன் நிறுவனமே கடனைத் தள்ளுபடி செய்து இழப்பை ஏற்கவும், பிறகு வழக்கறிஞரிடமோ மதிப்பீட்டாளரிடமோ வசூலித்துக்கொள்ளவும் விதி செய்ய வேண்டும். நட்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்தால், எட்டாவது பக்கத்தில் பென்சிலால் டிக் போடும் பழக்கம் தானாக நின்றுவிடும் என்று என் பணி அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

ரிசர்வ் வங்கி ஆணையிடும்வரை காத்திருக்காமல், தமிழ்நாட்டின் மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் மாநில அரசு இதை எழுப்பலாம். இப்போது கடன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வாசகர்கள், சட்டக் கருத்துரை, மதிப்பீட்டு அறிக்கை இரண்டின் நகலையும் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விற்பவர் அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொன்னால், மத்தியப் பதிவகத்தில் நீங்களே தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மடிப்பாக்கம், சென்னை.