புறக்கோட்டையில் இறங்கும் வெளியூர்ப் பயணிகளுக்கு வழிகாட்டிப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் எனப் பல இடங்களிலிருந்தும் சிகிச்சைக்காகவும் கடவுச்சீட்டுக்காகவும் கொழும்புக்கு வரும் எம்மவர்கள், இரவு முழுதும் பயணம் செய்து அதிகாலையில் புறக்கோட்டையில் இறங்கியதும், அடுத்து எந்தப் பஸ்ஸில் ஏறுவது, அது எங்கே நிற்கும் என்று தெரியாமல் அலைக்கழிவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

கொழும்பில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் 100, 101, ஹைலெவல் வீதியில் 138 என்று இலக்கத்தைச் சொன்னாலே நகரவாசிகள் பாதையை அறிந்துகொள்வார்கள். ஆனால் புதிதாக வருபவருக்கு இலக்கம் தெரியாது; தாம் போகவேண்டிய ஊரின் பெயர் மட்டுமே தெரியும். பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக எழுதப்பட்டிருப்பதோ அது சென்று முடியும் இடத்தின் பெயர். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல வந்திருந்த வயதான தாயொருவர், கிளினிக் கொப்பி வைத்திருந்த பையை மார்போடு அணைத்தபடி வீதியோரத்தில் நின்று, ஹோமாகம என்றும் மத்தேகொட என்றும் பெயர் தாங்கி வந்த 138 இலக்க பஸ்களை ஒவ்வொன்றாகப் போகவிட்டுக்கொண்டிருந்தார். அவையெல்லாம் மஹரகமவைத் தாண்டித்தான் போகின்றன என்பதை அவருக்குச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இருக்கவில்லை. நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களை உரக்கச் சொல்லத்தான் செய்கிறார்கள். அந்த வேகத்தில் பழகிய காதுக்கு மட்டுமே அவை பிடிபடும். இறுதியில் இத்தகையோர் ஓட்டோக்காரர் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நோயாளியை அழைத்து வந்த குடும்பத்துக்கு அது சிறிய செலவல்ல.

வழமையாக இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்கள் மத்திய பஸ் நிலையத்திலும், தனியார் பஸ்கள் பஸ்தியன் மாவத்தையிலும் குணசிங்கபுரவிலும், மேலும் சில வீதியோரங்களிலும் நிற்கின்றன. மாகாணங்களுக்கு இடையிலான சேவைகளை 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களை மாகாண அதிகாரசபையும், ரயிலைப் புகையிரதத் திணைக்களமும் கவனிக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதியை மட்டும் பார்ப்பதால், கோட்டை ரயில் நிலைய வாசலில் வந்து நிற்கும் ஒருவருக்கு முழுப் பாதையையும் காட்டும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போயிருக்கிறது என்பதே என் கருத்து.

ஆகவே ரயில் நிலைய வாசலிலும் ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் பொதுவான பெரும் பலகையொன்றை நிறுவுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பஸ் இலக்கம், கடந்து செல்லும் முக்கிய இடங்கள், புறப்படும் நிலையம் ஆகியவை அதில் மூன்று மொழிகளிலும் ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிய பின்னரும், மூலையில் பொடி எழுத்தில் பிழையோடு எழுதி முடித்துவிடுவது முறையாகாது. மஹரகம வைத்தியசாலை, பொரளையிலுள்ள சிறுவர் வைத்தியசாலை, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் போன்ற, வெளியூரவர் அதிகம் தேடும் இடங்களை அப்பலகையில் தனியாகக் குறிப்பிடுவது பெரும் உதவியாகும்.

கரையோர ரயிலைப் பற்றியும் ஒரு சொல். கோட்டையிலிருந்து பம்பலப்பிட்டிக்கோ வெள்ளவத்தைக்கோ நெரிசலான காலி வீதியைத் தவிர்த்து மலிவாகப் போய்ச்சேர அதைவிட நல்ல வழி இல்லை. எனினும் காலி, மாத்தறை நோக்கிச் செல்லும் கடுகதி ரயில்கள் பலவும் அங்கெல்லாம் நிற்பதில்லை என்பதை மேடையிலேயே தமிழிலும் தெளிவாக அறிவிக்கவேண்டும்.

மத்திய பஸ் நிலையத்தின் புனரமைப்பு 2025 ஆகஸ்டில் ஆரம்பிக்கப்பட்டது. சுவருக்கு வர்ணம் பூசுவதோடும் கூரையைச் சீராக்குவதோடும் இந்தப் பலகைகளையும் அவ்வேலையில் சேர்த்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. நிரந்தரப் பலகை தயாராகும் வரை, அச்சிட்ட பதாகையொன்றையாவது ரயில் நிலைய வாசலில் உடனே கட்டிவிடலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.